ஜீப் வாங்கிய கையோடு பட்டறைக்கு ஓடலாமா?

சென்ற நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் மாலை, எம் சகோதரியின் மகன் ஒரு வண்டியைக் கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். பழைய மஹிந்திரா தார். நான்கு சக்கரங்களுக்கும் இழுவை உள்ளது. நாமக்கல் சுற்றுவட்டாரக் கோழிப் பண்ணைகளுக்கு மருந்து கொண்டு செல்வது அவன் தொழில். மழை பெய்தால் பண்ணைகளுக்குச் செல்லும் மண் பாதைகளில் அவனுடைய பழைய வேன் சிக்கிக் கொள்ளும் என்பதால், வண்டி வாங்கியதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவன் அடுத்துச் சொன்னதுதான் என்னைத் திகைக்க வைத்தது.

"மாமா, நாளைக்கே இதைப் பட்டறையில் விடப் போகிறேன். பெரிய டயர், உயரமான ஸ்பிரிங், முன்னால் இரும்புக் கம்பி, புகைக்குழல் மாதிரி மேலே ஒரு குழாய், எல்லாம் போட்டு விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு மலையேறலாம்."

கதவோரம் நின்றிருந்த சகோதரி ஒன்றும் பேசவில்லை. அவருடைய இரண்டு வளையல்கள் வங்கியில் அடகில் இருப்பதும், வண்டி விலை போக அதில் எஞ்சிய பணம்தான் இந்த ஆசைகளுக்கெல்லாம் முதல் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து இது குறித்து வண்டித் தொழில் அறிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்து கொண்டவற்றை, இது போன்ற பிள்ளைகள் உள்ள பிற வீடுகளுக்கும் பயன்படுமே என்று இங்கே எழுதுகிறேன்.

ஜீப் என்னும் வாகனம் போருக்காகப் பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படைக்காக வில்லிஸ் நிறுவனம் இதனைப் பெருமளவில் தயாரித்தது. நம் நாட்டுக்கு இதனைக் கொண்டு வந்த நிறுவனத்தின் முதற்பெயர் நம்மில் பலர் அறியாதது. 1945 அக்டோபர் 2 அன்று லூதியானாவில் அது தொடங்கப்பட்டபோது 'மஹிந்திரா அண்டு முஹம்மது' என்றே பெயர். மஹிந்திரா சகோதரர்களுடன் கூட்டுச் சேர்ந்தவர் மாலிக் குலாம் முஹம்மது. நாடு பிரிந்தபின் அவர் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகி, 1951இல் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். இங்கே 1948இல் நிறுவனத்தின் பெயர் 'மஹிந்திரா அண்டு மஹிந்திரா' என மாறியது. இன்று இளைஞர்கள் விரும்பும் தார், அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளை எனலாம். 1985இல் வந்த மாருதி ஜிப்சியும், 2023இல் வந்த ஜிம்னியும் இதே வேலைக்கு உரியவைதாம்.

நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. லாரிக்குப் பாடி கட்டும் தொழிலில் நாமக்கல்லுக்கு இந்தியா முழுவதும் பெயருண்டு. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்து வடமாநிலங்கள் வரை செல்கின்றன. இரும்பை வளைக்கவும் ஒட்டவும் இம்மக்களுக்குக் கற்றுத் தர வேண்டியதில்லை. நாம் நினைத்ததையெல்லாம் செய்து தர ஆள் இருப்பதுதான் இங்கே ஆபத்து! இருபது டன் சுமக்கும் லாரிக்குப் பொருந்துவது, இரண்டு டன்னும் எட்டாத ஜீப்புக்கும் பொருந்தும் என்று கொள்ள முடியாது.

முதலில், கையிலிருக்கும் வண்டி என்ன செய்யும் என்று அறிய வேண்டும். கியர் கம்பிக்கு அருகே இருக்கும் சிறு கம்பி மூன்று நிலைகளில் நிற்கும். முதல் நிலையில் பின் சக்கரங்கள் மட்டும் வண்டியைத் தள்ளும். அடுத்ததில் நான்கும் இழுக்கும். மூன்றாவது நிலையில் நான்கும் இழுப்பதோடு, வேகம் குறைந்து இழுவிசை ஏறத்தாழ இரண்டரை மடங்காகப் பெருகும். செங்குத்தான ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சேற்றுக்கும் அதுவே உரியது. இவ்வகை வண்டியை உலர்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவையில் ஓட்டக் கூடாது. வளைவுகளில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒரே தூரம் உருளுவதில்லை. அந்த வேறுபாட்டுக்கு இடம் கொடுக்க இயலாமல் அச்சுகளும் பற்சக்கரங்களும் முறுகித் தேயும். மண்ணிலும் சேற்றிலும் டயர் சற்று வழுக்கி அதனைச் சரிசெய்து கொள்ளும்.

இன்னொரு செய்தி பலருக்கு வியப்பளிக்கும். நான்கு சக்கர இழுவை இருந்தும் வண்டி சிக்கிக் கொள்வதற்குக் காரணம், ஒவ்வோர் அச்சிலும் உள்ள டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி. அது விசையை எளிதாகச் சுழலும் சக்கரத்தின் பக்கமே விட்டு விடும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என எதிரெதிர் மூலைகளில் இரண்டு சக்கரங்கள் பிடிப்பிழந்தால், அவ்விரண்டும் வீணே சுற்ற, மண்ணில் ஊன்றியவை அசையாமல் நிற்கும். சில வண்டிகளில் பின் அச்சில் தானே பூட்டிக் கொள்ளும் அமைப்பு தொழிற்சாலையிலேயே உண்டு. வாங்குவதற்கு முன் அதைக் கேட்டறிவது, வாங்கிய பிறகு பத்துப் பொருள்களை மாட்டுவதைவிட மேலானது.

இனி மாற்றங்களுக்கு வருவோம். எது முதலில் என்று கேட்டால், தயங்காமல் டயர் என்பேன். அதிலும் முதல் வேலை புது டயர் வாங்குவது அன்று. இருக்கும் டயரின் காற்றைக் குறைக்கக் கற்பது. சாலையில் 30 பவுண்டு அளவில் இருக்கும் காற்றை மணலிலும் சேற்றிலும் 18 முதல் 20 பவுண்டு வரை இறக்கினால், டயர் தரையில் அகலமாகப் படிந்து பிடிப்புக் கூடும். மணலில் புதைந்த வண்டி இதனாலேயே வெளிவந்து விடுவதுண்டு. மேலும் இறக்கினால், திருப்பும்போது டயர் விளிம்பிலிருந்து கழன்று விடும். சாலைக்குத் திரும்பியவுடன் மீண்டும் காற்றை ஏற்றியாக வேண்டும். குறைந்த காற்றுடன் வேகமாகச் சென்றால் டயர் சூடேறி வெடிக்கும். ஆகவே காற்றளவு காட்டும் கருவி ஒன்றும், பேட்டரியில் இயங்கும் சிறு காற்றடிக்கும் கருவி ஒன்றும் வாங்க வேண்டும். பெரிய டயர் ஒன்றின் விலைகூட இவற்றுக்கு ஆகாது.

பழைய டயர் தேய்ந்தபின் புதிது போடும்போது, சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான வகையை, வண்டிக்கு உரிய அதே அளவில் வாங்குவது போதும். ஆழ்ந்த பள்ளங்களுள்ள சேற்று டயர் பார்வைக்குக் கம்பீரமானது; ஆனால் ஈரமான தார்ச்சாலையில் பிரேக் பிடித்தால் வழுக்கும், இரைச்சல் காதைத் துளைக்கும். நம் பிள்ளைகள் நூறு கிலோமீட்டர் ஓடினால் தொண்ணூற்றைந்து தார்ச்சாலையில்தானே? அளவு பெரிதானால் வேகமானி உண்மையைக் குறைத்துக் காட்டும், இழுவை குறையும், பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும்.

இரண்டாவது, சிக்கிய வண்டியை மீட்கும் சாதனம். இதில் அலட்சியம் உயிரை வாங்கும். வண்டியின் முன்னும் பின்னும், சேசிஸில் உறுதியாகப் போல்ட்டால் பிணைக்கப்பட்ட கொக்கிகள் இருக்க வேண்டும். பட்டறையில் அவசரமாக வெல்டிங் வைத்த கொக்கி நம்பத் தக்கதன்று. லாரிக்காரர்கள் பயன்படுத்தும் இரும்புச் சங்கிலியை மாட்டி வெடுக்கென்று இழுப்பது நம் ஊர் வழக்கம். அது அறுந்தால் துப்பாக்கிக் குண்டு போலப் பாயும். இதற்கென உள்ள, நீண்டு சுருங்கும் நைலான் கயிறு வேறு. அதனையும் பின்புறம் டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் மாட்டக் கூடாது. அவ்வுருண்டை ஒடிந்து பறந்து ஆஸ்திரேலியாவில் உயிர்கள் போயிருக்கின்றன. இழுக்கும்போது கயிற்றின் நடுவே கனத்த போர்வை ஒன்றைப் போட்டு, வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்தைவிடத் தள்ளி நிற்கச் செய்ய வேண்டும். நம் ஊரில் வண்டி சிக்கினால் ஊரே கூடி விடும். சிறுவர்கள் முன்வரிசையில் நிற்பார்கள்.

மூன்றாவதாக, எஞ்சினின் அடிப்பகுதியையும் கியர் பெட்டியையும் கல்லிலிருந்து காக்கும் அடித்தகடு. சேலம், நாமக்கல் பகுதிகளின் பாறை நிறைந்த நிலத்துக்கு இது பயனுள்ளது. எண்ணெய்த் தொட்டியில் ஓட்டை விழுந்தால் எஞ்சினே போய் விடும்.

மற்றவை எல்லாம் பிறகுதான். ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டியின் பாரம் மேலேறி, கவிழும் வாய்ப்புக் கூடுகிறது. விசை கடத்தும் தண்டின் கோணம் மாறி அதன் மூட்டுகள் தேய்கின்றன. மேலே நீளும் குழாய் எஞ்சினுக்குள் நீர் புகாமல் காப்பது உண்மை. காற்றைப் போல நீர் அமுங்காது. எஞ்சினுக்குள் சிறிது நீர் புகுந்தாலும் உள்ளே தண்டுகள் வளைந்து விடும். ஆனால் 2020இல் வந்த தார் வண்டியே குழாய் இல்லாமல் 650 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்க வல்லதென அதன் தயாரிப்பாளர் கூறுகின்றனர். அதனினும் ஆழமான நீரில் புதிதாக ஓட்டுபவருக்கு என்ன வேலை? நீரில் எஞ்சின் நின்று விட்டால் மீண்டும் சாவியைத் திருகாமல், வண்டியை இழுத்து வெளியேற்றுவதே அறிவு.

முன்புற இரும்புக் கம்பி குறித்துச் சட்டமே பேசுகிறது. 2017 டிசம்பரில் மத்திய அரசு அதற்குத் தடை விதித்தது. மோதலின்போது அது காற்றுப்பையின் இயக்கத்தைக் குழப்பும், பாதசாரிக்கும் பேராபத்து. பொதுவாகவே, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இதையே காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கவும் இடமாகும். 'எல்லாரும் போட்டிருக்கிறார்களே' என்பது அங்கே பதிலாகாது.

மலைக்கு வருவோம். கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆயினும் அது தார்ச்சாலை. அரசுப் பேருந்தே நாள்தோறும் ஏறி இறங்குகிறது. அங்கே தேவை பெரிய டயரன்று. இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக் கொண்டிராமல் சிறிய கியரில் வண்டியைப் பிடித்து இறக்கும் பொறுமை. ஓயாமல் மிதித்த பிரேக் சூடேறி, கடைசி வளைவுகளில் பிடிக்காமல் போகும். இராசிபுரம் அருகே போதமலை வேறு வகை. நெடுங்காலம் சாலையே இல்லாமல், தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தலைச்சுமையாகக் கொண்டு சென்ற மலை அது. இத்தகைய இடங்களில் காப்புக் காடுகளும் உண்டு. வனத்துறையின் அனுமதியின்றி அவற்றுக்குள் வண்டியை விடுவது குற்றம்.

புதிதாகப் பழகுபவர் முதலில் இறங்கி நடந்து பாதையைப் பார்க்க வேண்டும். சேற்றில் இறங்கிய பின் அல்ல, இறங்குமுன்பே கம்பியை மாற்ற வேண்டும். சரிவில் நேராகவே ஏற வேண்டும், இறங்க வேண்டும். குறுக்கே திருப்பினால் வண்டி உருளும். ஏற்றத்தில் பாதியில் நின்று விட்டால், ரிவர்ஸ் கியரில் வந்த வழியே நேராகப் பின்னோக்கி இறங்குவதே முறை. தனி வண்டியாகச் செல்லவே கூடாது.

இவற்றையெல்லாம் சொன்னபோது என் மருமகன் முகம் சுருங்கத்தான் செய்தது. இருந்தாலும் காற்றடிக்கும் கருவி, கயிறு, அடித்தகடு இவற்றோடு நிறுத்திக் கொண்டான். ஒரு மாதம் கழித்து, மழைக்கு மறுநாள் மோகனூர்ப் பக்கம் ஒரு பண்ணைப் பாதையில் வண்டி சேற்றில் அமர்ந்து விட்டதாம். இறங்கி நான்கு டயர்களிலும் காற்றைக் குறைத்து, கடைசி நிலையில் மெல்ல நகர்த்தி, யாரையும் அழைக்காமல் வெளியே வந்திருக்கிறான். அன்றிரவு வீட்டுக்கு வந்து அதைத் தன் தாயிடம் மூன்று முறை சொன்னான்.

மீதிப் பணம் வங்கிக்குத் திரும்பியது. ஒரு வளையல் கைக்கு வந்து விட்டது. பெரிய டயர் ஆசை மட்டும் இன்னும் போகவில்லை. இருப்பது தேயட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறான்.