இனாமும் ஊதியமும்

உணவு விடுதியில் உண்டு, கைகழுவி வந்து அமர்கிறோம். மீதிச் சில்லறை வைத்த சிறு தட்டு நம்முன் வருகிறது. அதில் ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ விட்டுவிட்டு எழுகின்றவர்கள் உண்டு. முழுவதையும் எண்ணி எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. எடுக்கக் கூச்சமும் விட்டுவர மனமின்மையுமாகத் தயங்கி நிற்பவர்களையும் காண்கிறோம். இவ்வளவு சிறிய செய்கையில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். பொருளாதாரம், சட்டம், நாகரிகம் ஆகிய மூன்றும் அந்தச் சிறு தட்டில் கூடி நிற்கின்றன. அவற்றை ஒன்றொன்றாகப் பிரித்துக் காண்போம்.

முதலில் சொல்லைக் கவனிப்போம். நம் ஊர்களில் பெரியவர்கள் இதனை ‘இனாம்’ என்பார்கள். இது அரபு மொழியிலிருந்து வந்த சொல். அருளிக் கொடுக்கப்பட்டது என்பது கருத்து. முற்காலத்தில் அரசர்கள் வரியின்றியோ, வரியைக் குறைத்தோ மானியமாக விட்ட நிலங்களுக்கும் இதுவே பெயர். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1948-ஆம் ஆண்டில், ஜமீன் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எஞ்சியிருந்த இனாம் நிலங்களை ஒழிக்கும் சட்டங்கள் 1963-இல் வந்தன. நிலத்தை விட்டு நீங்கிய இனாம், சில்லறைத் தட்டில் மட்டும் தங்கிவிட்டது. ‘பக்ஷீஸ்’ என்ற சொல்லோ பாரசீகம் தந்தது. அதுவும் கொடை என்னும் பொருளுடையதே. இவ்விரு சொற்களும் கொடுப்பவருடைய மனநிலையைச் சொல்கின்றன. ‘கூலி’, ‘ஊதியம்’ என்ற சொற்களோ பெறுபவருடைய உழைப்பைச் சொல்கின்றன. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் செய்திகள் எல்லாம் எளிதில் விளங்கும்.

பரிமாறும் தொழிலைத் தாழ்வானது என்று கருதும் வழக்கம் நம்மிடையே எப்படியோ புகுந்துவிட்டது. பழந்தமிழ் நாட்டில் அந்த எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. பத்துப்பாட்டில் ஒன்று சிறுபாணாற்றுப்படை. அதன் தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். அவனுடைய ஊராகிய கிடங்கில், இன்று திண்டிவனத்தை ஒட்டிக் கிடங்கல் என்ற பெயரோடு விளங்குகிறது. பசித்து வந்த பாணர் குடும்பத்தை அவன் வரவேற்று, நல்ல கலங்களில் உணவு இட்டு, தானே அருகில் நின்று உண்பித்தான் என்று புலவர் நத்தத்தனார் பாடுகிறார். அரசனே நின்று பரிமாறிய மண் இது. இன்று அதே திண்டிவனத்தில் தோளில் துண்டும் கையில் சாம்பார் வாளியுமாக ஓடியாடும் ஒருவரை, “ஏய், இங்கே வா!” என்று விரலைச் சொடுக்கி அழைப்பது எந்த மரபைச் சேர்ந்தது என்று நாம் எண்ணிப்பார்க்க வேண்டாமா?

இனி, உணவு விடுதியில் நாம் கொடுக்கும் பணத்தைக் கூறுபடுத்திப் பார்ப்போம். பில்லில் முதலில் இருப்பது உணவின் விலை. அரிசியும் எண்ணெயும் விறகும் வாடகையும் தொழிலாளர் சம்பளமும் முதலாளியின் இலாபமும் அதில் அடக்கம். இரண்டாவது, சரக்கு மற்றும் சேவை வரி. இது அரசாங்கத்தைச் சேர்வது. மூன்றாவது, சில பெரிய விடுதிகள் ‘சேவைக் கட்டணம்’ என்று நூற்றுக்கு இவ்வளவு எனச் சேர்க்கும் தொகை. பெயர் ஒத்திருப்பதால் பலர் இதனையும் அரசாங்க வரி என்று மயங்குகிறார்கள். இது வரியே அன்று. விடுதி தானாகச் சேர்த்துக்கொள்வது. நான்காவதுதான் தட்டில் நாம் விட்டுவரும் இனாம்.

சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக்கலாமா என்ற வினா நீதிமன்றம் வரை சென்றது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ஆம் நாள் வெளியிட்ட நெறிமுறைகளில், எந்த விடுதியும் இக்கட்டணத்தைத் தானாகவே பில்லில் சேர்க்கக்கூடாது என்று கூறியது. விடுதி உரிமையாளர் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச் 28-இல் டில்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிமுறைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. கொடுப்பதும் மறுப்பதும் உண்பவரின் விருப்பம் என்பதே அதன் சாரம். கட்டாயப்படுத்துவோரைப் பற்றித் தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-க்கு முறையிடலாம்.

அப்படியானால் இனாம் யாருடைய பணம்? முதலாளியினுடையதா, தொழிலாளியினுடையதா? இவ்வினா 2016-இல் ஐ.டி.சி. நிறுவனத்தின் வருமானவரி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. உண்பவர் அட்டை மூலமாகப் பில்லுடன் சேர்த்துச் செலுத்திய இனாமை விடுதி பெற்றுப் பணியாளருக்குப் பங்கிட்டது. அது முதலாளி தந்த சம்பளம் ஆகாது என்றும், விடுதி அப்பணத்தை நம்பிக்கைப் பொறுப்பில்தான் வைத்திருந்தது என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இதிலிருந்து நாம் கற்கும் பாடம் ஒன்று உண்டு. இனாம் சம்பளம் ஆகாது. எனவே இனாம் கிடைக்கிறதே என்று காட்டிச் சம்பளத்தைக் குறைப்பது அறமும் ஆகாது.

இனாமே ஊதியமாகிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்க வரலாறு சான்று. அங்கே அடிமை முறை ஒழிந்தபின், ஜார்ஜ் புல்மன் என்பவர் தம் உறங்கும் வசதியுள்ள இரயில் பெட்டிகளில் பணிபுரிய, விடுதலை பெற்ற கறுப்பின மக்களை அமர்த்தினார். சம்பளம் மிகக் குறைவு. பயணிகள் தரும் இனாமை நம்பியே அவர்கள் குடும்பம் நடத்த வேண்டியிருந்தது. அவர்கள் 1925-இல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937-இல்தான் நிறுவனத்தோடு ஊதிய ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அந்தப் பழக்கத்தின் நிழல் இன்றும் முற்றிலும் நீங்கவில்லை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, இனாம் பெறும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய குறைந்த அளவு மணிக்கு 2 டாலர் 13 செண்ட். 1991 முதல் அது உயரவில்லை. மீதியை இனாம் ஈடுசெய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. சில மாநிலங்கள் மட்டுமே இதனை ஏற்காமல் முழு ஊதியத்தையும் முதலாளியே தரவேண்டும் என்று விதித்திருக்கின்றன. பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், இனாம் முழுவதையும் தொழிலாளருக்கே நேர்மையாகப் பங்கிட வேண்டும் என்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஜப்பானிலோ உணவு விடுதிகளில் இனாம் கொடுக்கும் வழக்கமே இல்லை. அதனால் அங்கே உபசரிப்பு குறைந்துவிடவும் இல்லை.

நம் நாட்டுச் சட்டம் இவ்வகையில் தெளிவான பாதையில் நடந்தது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், பட்டியலிட்ட தொழில்களுக்கு அரசாங்கமே ஊதிய அளவை வகுக்க வழிசெய்தது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1958-இல் சென்னை மாநிலம் உணவு விடுதிகளுக்கென்றே தனிச் சட்டம் இயற்றி, வேலை நேரத்தையும் ஓய்வையும் விடுமுறையையும் ஒழுங்குபடுத்தியது. 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு, குறைந்தபட்ச ஊதிய உரிமையை எல்லாத் தொழிலாளருக்கும் விரிவாக்கியது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, அது சமையற்கட்டு வரை செல்ல வேண்டும் என்பது வேறு செய்தி.

சமையற்கட்டு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இனாம் நம் கண்ணில் படும் கையை மட்டுமே சென்றடைகிறது. இலை போட்டு இட்லி வைத்தவர் பெறுகிறார். விடியுமுன் எழுந்து மாவு அரைத்தவரும், அடுப்பனலில் நின்ற சரக்கு மாஸ்டரும், எச்சில் இலை எடுத்து மேசை துடைத்தவரும், பாத்திரம் துலக்கிய அம்மையாரும் பெரும்பாலும் பெறுவதில்லை. கடினமான வேலை மறைவில் நடக்கிறது. கைந்நிறைவோ முன்னால் நிற்பவருக்குக் கிடைக்கிறது. இடமும் இதில் வேறுபாடு செய்கிறது. விழுப்புரத்தில் நாள்தோறும் ஒரே விடுதியில் உண்ணும் அலுவலரைப் பரிமாறுபவர் அறிவார். மாதம் பிறந்தால் ஏதேனும் கிடைக்கும். விக்கிரவாண்டிப் பக்கத்து நெடுஞ்சாலை விடுதியிலோ, வெளியூர்ப் பேருந்து பத்து நிமிடம் நிற்கும். நடத்துநர் விசில் ஊதுமுன் உண்டு ஓடுகிறவர் யாருக்கு என்ன கொடுப்பார்? அண்மைக் காலத்தில் கைபேசியால் பணம் செலுத்தும் வழக்கமும் பரவிவிட்டது. பணம் நேரே கல்லாவைச் சேர்ந்துவிடுவதால் சில்லறை மீதியாவதில்லை, தட்டும் வருவதில்லை. நிலையான ஊதியத்தின் இடத்தை இனாம் நிரப்ப முடியாது என்பதற்கு இவையே போதிய சான்றுகள்.

கொடுக்கிற பணம் எல்லாம் இனாம் என்று கருதிவிடுவதும் தவறு. விழுப்புரம் பெரிய இரயில் சந்திப்பு. சென்னை, திருச்சிராப்பள்ளி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசைக்கும் அங்கிருந்து பாதை பிரிகிறது. இத்தகைய நிலையங்களில் சிவப்புச் சட்டை அணிந்து சுமை தூக்குவோர் இரயில்வேயின் உரிமம் பெற்றவர்கள். மாதச் சம்பளம் பெறுபவர்கள் அல்லர். 2016-இல் அவர்களுக்குச் ‘சகாயக்’, அதாவது உதவியாளர் என்று பெயர் சூட்டினார்கள். சுமைக்கு இவ்வளவு என்று இரயில்வே நிர்ணயித்த தொகையே அவர்களுடைய முழு வருவாய். அதைக் கொடுப்பது கொடை ஆகாது, கடனைத் தீர்ப்பதாகும். அங்கே பேரம் பேசி இருபது ரூபாய் குறைப்பவர், உழைப்பாளியின் அன்றைய கூலியில் கைவைக்கிறார்.

மறுபக்கத்தில், இனாம் என்ற பெயரில் உலவும் கையூட்டை அடையாளம் காணவும் வேண்டும். சான்றிதழ் பெறச் சென்ற இடத்தில் கோப்பை நகர்த்துவதற்கும், அரசு மருத்துவமனையில் நோயாளியின் தள்ளுவண்டியைத் தள்ளுவதற்கும் நூறு ரூபாய் கேட்கப்பட்டால், அது இனாம் ஆகாது. இரண்டையும் பிரித்தறிய மூன்று கேள்விகள் போதும். பணி முடிந்தபின் கொடுக்கிறோமா, முடிவதற்காகக் கொடுக்கிறோமா? எல்லோரும் காணக் கொடுக்கிறோமா, மறைத்துக் கொடுக்கிறோமா? கொடாவிட்டால் நமக்கு உரியது மறுக்கப்படுமா? 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டபின், வாங்குபவர் மட்டுமின்றிக் கொடுப்பவரும் குற்றவாளியாகக் கூடும். வற்புறுத்தலுக்கு ஆளாகிக் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் முறையிட்டால் பாதுகாப்பு உண்டு.

மாணவர்களே, இறுதியாக உங்கள் வயதோடு தொடர்புடைய செய்தி ஒன்றைச் சொல்கிறேன். ஆசிரியப் பணியில் இருந்த ஆண்டுகளில், வருகைப் பதிவேட்டில் சில பெயர்களுக்கு நேரே நாள்தோறும் ‘வரவில்லை’ என்று எழுத நேர்ந்ததுண்டு. விசாரித்தால், பையன் சாலையோரத் தேநீர்க் கடையில் கண்ணாடிக் குவளை கழுவுகிறான் என்று தெரியவரும். வீட்டுக்குச் சென்று தாயிடம் பேசினால், “சம்பளம் சொற்பந்தான் ஐயா, ஆனால் வருகிறவர்கள் இரக்கப்பட்டுக் கையில் காசு கொடுக்கிறார்கள், அன்றன்றைக்குக் காய்கறிக்கு ஆகிறது” என்பார். கொடுத்தவர்கள் நல்லவர்களே. ஆனால் நூறு நல்லவர்களின் சில்லறை சேர்ந்து, ஒரு சிறுவனைப் பள்ளிக்குத் திரும்பவிடாமல் கடையிலேயே கட்டிப்போட்டது. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை உணவு விடுதிகளிலும் தேநீர்க் கடைகளிலும் அமர்த்துவது 2006 அக்டோபர் 10 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. 2016-இல் வந்த திருத்தம் எல்லாத் தொழில்களுக்கும் அத்தடையை விரிவாக்கியது. அத்தகைய சிறுவன் உங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தால், நாணயம் கொடுத்துவிட்டு நகராதீர்கள். 1098 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். அவனுக்குச் செய்யத்தக்க உதவி அதுவே.

மற்றபடி, பெரியவர் ஒருவர் பரிமாறும்போது நீங்கள் செய்யத்தக்கவை எவை? மாணவர் கையில் பணம் குறைவாகவே இருக்கும். இயலாவிட்டால் கொடாதிருப்பதில் இழுக்கில்லை. “அண்ணே”, “ஐயா” என்று மரியாதையுடன் அழைக்கலாம். சிந்தாமல் உண்ணலாம். மேசை துடைக்கும் அம்மாவின் வேலை எளிதாகும்படி எச்சிலை இலைக்குள்ளேயே ஒதுக்கி வைக்கலாம். கொடுக்க இயன்றபோது தட்டில் எறிந்துவிட்டுத் திரும்பாமல், முகம் பார்த்து, நன்றி சொல்லிக் கொடுக்கலாம். நாளை நீங்களே ஒரு கடைக்கோ விடுதிக்கோ உரிமையாளராகும்போது, உங்கள் தொழிலாளி பிறர் போடும் சில்லறையை எதிர்பார்த்து நிற்காதபடி அவருக்கு உரிய சம்பளத்தை மாதந்தோறும் கொடுங்கள். அதற்கு மேல் வருகின்ற இனாம் அவருக்கும் மகிழ்ச்சி தரும். கொடுப்பவருக்கும் மகிழ்ச்சி தரும்.