கோணலாய்ப் பொருந்திய தோள்

தக்பீர் கட்டும்போது ஒரு கை காதுச்சோணை வரை போகிறது. மற்றக் கை நெஞ்சு மட்டத்தில் நின்றுவிடுகிறது. தோணியில் சறுக்கியோ மோட்டார் சைக்கிளிலிருந்தோ விழுந்து, தோள் முறிந்து, அது பிசகாய்ப் பொருந்தியவரின் நிலை இது. கல்முனைக் கரையில் வலை இழுப்பவருக்கும் மருதமுனைத் தறிக்காரருக்கும் இது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை.

புயவென்பின் மேல்முனை ஓர் உருண்டைத் தலை. அதன் ஓரத்தில் ஒரு புடைப்பு. கையை உயர்த்த உதவும் தசைநார்கள் அதில்தான் பற்றியிருக்கின்றன. புடைப்பு முறிந்தால் அத்தசைநார்களே அதை மேலும் பின்னுமாக இழுத்துவிடும். அங்கேயே பொருந்திவிட்டால், கையைத் தூக்குந்தோறும் மேலுள்ள தோளென்பில் முட்டும். 1970இல் அமெரிக்க நிபுணர் சாள்ஸ் நீர் வகுத்த அளவின்படி, துண்டு 1 சென்ரிமீற்றருக்கு மேல் விலகினால் அது விலகிய முறிவு. இந்தப் புடைப்புக்கோ அதில் பாதியே தொல்லை தரப் போதும் என்பது பின்னர் தெரியவந்தது.

பெரும்பாலான தோள் முறிவுகள் அவ்வளவு விலகாதவை. கழுத்திலிருந்து துணி கட்டிக் கையைத் தொங்கவிட்டாலே ஆறிவிடும். முறிவு வைத்தியரிடம் போனவர்களில் பலர் சுகமடைவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களைக் குறை சொல்வது நமது நோக்கமல்ல. ஆனால் உள்ளே எது எவ்வளவு விலகியது என்பது எண்ணெய் தடவும் விரலுக்குத் தெரியாது. எக்ஸ்றே முதலில், பத்து பிறகு. முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் என்றால் துண்டுகளை இடத்தில் வைப்பது இலகு.

பிந்திவிட்டாலும் வழியுண்டு. சீ.டி. ஸ்கேன் படம் பார்த்து, பிழையாய்ப் பொருந்திய இடத்தில் என்பை வெட்டி, சரியான இடத்தில் வைத்துத் தகடும் திருகாணியும் பூட்டுவார்கள். சிலருக்கு முட்டும் பகுதியைச் செதுக்கி, இறுகிய சவ்வைத் தளர்த்தினால் போதும். இரத்தவோட்டம் அற்று என்பின் தலை செத்துப்போயிருந்தால் செயற்கை மூட்டு.

இது சின்ன வேலையல்ல. கையைத் தூக்கும் பெரிய தசைக்குரிய நரம்பு பக்கத்திலேயே செல்கிறது. பழைய தழும்பு அதை மறைத்திருக்கும். ஆகவே, வலி குறைவாயும் சோறு பிசையவும் தலைவாரவும் முடிந்தவராயும் உள்ள முதியவருக்குப் பயிற்சியே மேல். அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ செல்பவர்கள், பழைய படங்களை எடுத்துச் செல்லுங்கள். "வலிக்குது டொக்டர்" என்று மட்டும் சொல்லாமல், எந்த வேலை முடியவில்லை என்பதையும் சொல்லுங்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பின் மாதக்கணக்கில் இயன்மருத்துவம் வேண்டும். பஸ் காசுக்கும் நாட்கூலிக்கும் யோசித்து இடையில் விடுபவர்களின் தோள் மறுபடி இறுகிவிடுகிறது. வைத்தியர் அனுமதித்ததும், சுவரில் விரல்களைப் படிப்படியாய் ஏற்றும் பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம். இன்று எட்டிய இடத்தில் கரியால் ஒரு கோடு போட்டுவையுங்கள்.