தராசில் ஏறிய மகன்

சென்ற வாரம் தென் ஈராக்கின் ஆற்றங்கரையில், வெள்ளை உடுத்தி நீரில் இறங்கிய மாண்டேயர்களைப் பார்த்தோம். ஓடுகிற நீர் எதுவானாலும் அவர்களுக்கு அது ‘யர்த்னா’, ஒளியுலகிலிருந்து இறங்கிவருவது. இந்த வாரம் அந்த நீர் புறப்படும் இடத்துக்குப் போவோம்.

அங்கே வாழ்பவர்களை ‘வானதூதர்’ என்று சொல்லத்தான் நாக்கு முந்தும். சிரியாக் பேசும் கிறிஸ்தவர்களிடம் அதற்கு ‘மலாகா’ என்ற சொல் உண்டு. அதன் உடன்பிறப்பான மாண்டேயிக் மொழியிலோ அதே சொல் பல இடங்களில் தீய சக்திகளைக் குறிக்கிறது. ஒளியில் பிறந்தவர்களுக்கு மாண்டேயர் வைத்திருக்கும் பெயர் ‘உத்ரா’. நேர்ப்பொருள், செல்வம். அவர்களுடைய வேதத்தின் பெயர் ‘கின்ஸா ரப்பா’, பெருங்கருவூலம். கருவூலத்துக்குள் செல்வங்கள்!

ஆனால் எல்லாச் செல்வமும் மாசற்றதல்ல. உச்சியில் ‘ஹய்யி ரப்பி’ என்னும் பேருயிர். அதிலிருந்து யூஷாமின், அவருக்குக் கீழே அபாத்தூர், அவருக்கும் கீழே ப்தாஹில். படி இறங்க இறங்க ஒளி மங்குகிறது. அபாத்தூர் ஒருநாள் கருநீரைக் குனிந்து பார்த்தார். அதில் தெரிந்த அவர் சாயலே ப்தாஹில் ஆனது என்கிறது ஒரு கதை. அந்த ப்தாஹில்தான் நம் உலகைச் செய்தவர். ஆதாமின் உடலையும் வனைந்தார். அது எழுந்து நிற்கவில்லை. ஒளியுலகிலிருந்து உயிர் வந்து புகுந்த பிறகுதான் நின்றது.

குனிந்து பார்த்ததற்கு அபாத்தூருக்கு ஒரு வேலை கிடைத்தது: செத்தவர்களின் உயிரை நிறுப்பது. மகிழ்ந்து ஏற்ற வேலையல்ல. இருந்த இடத்தை விட்டுத் தராசுக்கு வரவேண்டியிருக்கிறதே என்று புலம்பியிருக்கிறார். 1950இல் ஆய்வாளர் டிரவர் அம்மையார் பதிப்பித்த ‘திவான் அபாத்தூர்’ என்ற படச்சுருள் இவர் பெயரில்தான் இருக்கிறது.

மறுதட்டில் எடைக்கல்லாக இருப்பது யார்? கின்ஸாவின் இடப்பகுதி அந்தக் கதையைச் சொல்கிறது. வலப்பகுதிக்குத் தலைகீழாகச் சேர்த்துக் கட்டப்படும் பகுதி அது. உயிரின் பயணம் பற்றியது. ஆதாமுக்கு 1000 வயதானபோது அழைப்பு வந்தது. அவர் வரமாட்டேன் என்றார். வேண்டுமானால் என் மகனைக் கூட்டிப்போங்கள் என்றார். மகன் ஷித்தில், விவிலியத்தின் சேத். அவனுக்கு 80 வயதுதான், போனான். மகாபாரதத்தில் தந்தை யயாதிக்கு மகன் பூரு தந்தது இளமையை. ஷித்தில் உயிரையே தந்தான்.

வழியெங்கும் உள்ள காவல் சாவடிகளைக் கடந்து வரும் ஒவ்வோர் உயிரும் ஷித்திலின் உயிரோடு நிறுக்கப்படுகிறது. தட்டு சமமானால் மேலே ஒளியுலகம்.

சரி, உலகைச் செய்த ப்தாஹில்? இறுதி நாள்வரை அவருக்குச் சிறை. அதன்பின் ஹிபில் ஸீவா என்னும் உத்ரா அவரையும் யர்த்னாவில் முழுக்காட்டுவார். ஆற்றங்கரையில் வெள்ளை உடுத்தி நின்றவர்கள் அன்று இறங்கியதும் அதே நீரில்தான்.

அந்த ஹிபில் ஸீவா இருளுலகின் அடிவரை இறங்கிப்போன கதை, அடுத்த வாரம்.

(தொடரும்)