எஞ்சும் நஞ்சு அறிதல்

நுழையும்முன்

உண்ணும் உணவில் கண்ணுக்குப் புலப்படாத அளவில் தங்கியிருக்கும் பூச்சிக்கொல்லியை அறிவியல் எவ்வாறு கண்டறிகிறது? கண்டறிந்த எண் எதை உணர்த்துகிறது? உழவர், வணிகர், நுகர்வோர் ஆகிய மூவரையும் பிணைக்கும் ஓர் ஆய்வுமுறையை இப்பாடம் விளக்குகிறது.

களஞ்சியமும் விற்பனைக்கூடமும்

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர், இராசகிரி மலையடிவாரத்தில் தடித்த சுவர்களையுடைய நெற்களஞ்சியத்தைக் காணலாம். 1690 முதல் 1698 வரை நீடித்த முகலாயர் முற்றுகையைக் கண்ட கோட்டை அது. அக்காலத்தில் உணவுப் பாதுகாப்பு என்பது, எத்தனை மாதங்களுக்கு நெல் இருக்கிறது என்னும் அளவையே குறித்தது.

இன்று அதே செஞ்சியின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்லும், இவ்வட்டார மக்கள் மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலையும் மூட்டை மூட்டையாக வந்து குவிகின்றன. எடையைத் தராசு காட்டும். ஈரப்பதத்தை அதற்குரிய கருவி காட்டும். ஆனால், பயிருக்குத் தெளித்த மருந்தில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதைக் கண்ணோ நாவோ காட்டுவதில்லை. அதனை அறிய ஆய்வகம் வேண்டும்.

சட்டம் பிறந்த சூழல்

டி.டி.டி. என்னும் வேதிப்பொருளின் பூச்சிகொல்லும் ஆற்றலைச் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் 1939இல் கண்டறிந்தார். அதற்காக 1948இல் நோபல் பரிசும் பெற்றார். அதன்பின் பூச்சிக்கொல்லிகள் உலகெங்கும் பரவின. விளைச்சலைக் காத்த அவற்றின் மறுபக்கத்தை இந்தியா 1958இல் கண்டது. பாராத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நஞ்சு வயலில் தெளிக்கப்பட்டதன்று. உணவோடு தவறுதலாகக் கலந்தது. எனினும், பூச்சிக்கொல்லிகளை நெறிப்படுத்தும் தேவையை அத்துயரம் உணர்த்தியது. 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டது. 2005-06இல் எஞ்சிய நஞ்சைத் தேசிய அளவில் கண்காணிக்கும் திட்டத்தை நடுவணரசு தொடங்கியது. 2006இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் வந்தது.

எவ்வளவு சிறிது?

ஓர் உணவுப்பொருளில் ஒரு பூச்சிக்கொல்லி எந்த அளவுவரை எஞ்சியிருக்கலாம் எனச் சட்டம் வகுத்த எல்லையே பெரும எச்ச வரம்பு ஆகும். தனி வரம்பு வகுக்கப்படாத பூச்சிக்கொல்லிக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்னும் பொது வரம்பு பின்பற்றப்படுகிறது. அதாவது, பத்துக் கோடியில் ஒரு பங்கு. 75 கிலோ எடையுள்ள நெல்மூட்டைகள் ஆயிரத்து முந்நூற்றுக்கும் மேல் அடுக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். அவற்றின் மொத்த எடை ஏறத்தாழ 100 டன். அக்குவியலில் ஒரு கிராம் எங்கே கலந்திருக்கிறது எனத் தேடுவதற்கு ஒப்பானது இவ்வாய்வு.

பிரித்தறியும் முறை

2003இல் அறிமுகமான ஓர் எளிய முறை இன்று உலக ஆய்வகங்களில் பரவலாக வழக்கிலுள்ளது. முதலில் காய்கறி நன்கு அரைக்கப்படுகிறது. அவ்விழுதிலிருந்து 10 அல்லது 15 கிராம் எடுத்து, அசிட்டோநைட்ரைல் என்னும் கரைப்பான் சேர்த்துக் குலுக்குவர். பூச்சிக்கொல்லி கரைப்பானுக்குள் சென்றுவிடும். மெக்னீசியம் சல்பேட்டு நீரை உறிஞ்சிக்கொள்ளும். சோடியம் குளோரைடு கரைப்பானைத் தனி அடுக்காகப் பிரியச்செய்யும். மையவிலக்குக் கருவியில் சுழற்றியபின் மேலே தெளிந்து நிற்கும் கரைசலைத் தூய்மைப்படுத்திக் கருவிக்கு அனுப்புவர்.

அடுத்து வருவது வண்ணப்பிரிகை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருசியத் தாவரவியலாளர் மிகயில் சுவெட், இலையிலுள்ள நிறமிகளைத் தனித்தனியே பிரிக்க உருவாக்கிய முறை இது. ஒரே குழாயின் வழியே செல்லும் வெவ்வேறு பொருள்கள் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து வெவ்வேறு நேரத்தில் வெளிவருகின்றன. அன்று இலையின் பச்சையையும் மஞ்சளையும் பிரித்த தத்துவமே இன்று இலைமேல் தெளித்த மருந்தைப் பிரிக்கிறது. வெளிவரும் பொருளை நிறை நிறமாலைமானி சிறு துண்டுகளாக உடைத்து, அவற்றின் நிறையைக் கொண்டு இன்ன வேதிப்பொருள் என அடையாளம் காண்கிறது.

கருவி தரும் எண்ணை ஆய்வாளர் அப்படியே ஏற்பதில்லை. நஞ்சற்ற காய்கறியில் தெரிந்த அளவு பூச்சிக்கொல்லியைத் தாமே சேர்த்து, அதே வழியில் சோதிப்பார். சேர்த்ததில் 70 முதல் 120 விழுக்காடு வரை திரும்பக் கிடைத்தால்தான் அம்முறை பொதுவாக ஏற்கப்படும். பிறர் விளைபொருளின்மேல் தீர்ப்புக் கூறுமுன் தம் முறையையே சோதனைக்கு உள்ளாக்குவது ஆய்வாளரின் அறமாகும்.

மாதிரியே முதன்மை

2015ஆம் ஆண்டில், தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் எஞ்சிய நஞ்சு மிகுந்துள்ளது எனக் கேரளம் கூறியது. தமிழ்நாடு அதனை மறுத்தது. இருதரப்பும் ஆய்வக முடிவுகளையே சான்றாக முன்வைத்தன. எந்த வயல், எந்த நாள், எந்தச் சந்தை என்பதற்கேற்ப எஞ்சும் அளவு மாறும். ஆகவே, இரு வேறு மாதிரிகள் இரு வேறு விடைகள் தருதல் இயல்பே. ஒரு கூடையின் மேலிருந்து எடுத்த நான்கு கத்தரிக்காய்கள் ஊரின் விளைச்சல் முழுமைக்கும் சான்றாகா. எடுத்த மாதிரி சரியாக இல்லையெனில், எத்துணை நுண்ணிய கருவியும் சரியான விடையைத் தர இயலாது. பிழையான மாதிரியால் நேர்மையான உழவர் சந்தையை இழக்கக்கூடும். உண்மையான குற்றம் மறைந்தும் போகக்கூடும்.

எண்ணின் பொருள்

வரம்பைக் கடந்த காயை உண்டவர் உடனே நோயுறுவார் என்பதில்லை. விலங்குகளிடம் தீங்கு விளைவிக்காத அளவைக் கண்டறிந்து, பொதுவாக அதில் நூறில் ஒரு பங்கையே மனிதர் நாள்தோறும் உட்கொள்ளத்தக்க அளவாகக் கொள்கின்றனர். எச்ச வரம்பு அதனோடும் ஒப்பிட்டே வகுக்கப்படுகிறது. எனவே, மீறல் என்பது முதலில் ஒரு தவற்றின் அடையாளம். மருந்து மிகுதியாகத் தெளிக்கப்பட்டிருக்கலாம். அப்பயிருக்கு உரியதல்லாத மருந்தாக இருக்கலாம். தெளித்தபின் காத்திருக்க வேண்டிய நாள்களுக்கு முன்பே அறுவடை நடந்திருக்கலாம். இதனை அறியாமல் அஞ்சுவதும் தவறு. அறிந்தும் பொருட்படுத்தாமல் விடுவது அதனினும் பெருந்தவறு.

சட்டப்படி எடுக்கப்பட்ட மாதிரியின் அறிக்கையை உணவுப் பகுப்பாய்வாளர் 14 நாள்களுக்குள் தருதல் வேண்டும். கீரையோ தக்காளியோ அதுவரை காத்திருப்பதில்லை. விற்கப்பட்டு, சமைக்கப்பட்டு, உண்ணப்பட்டிருக்கும். ஆகவே, ஆய்வகம் பெரும்பாலும் இன்றைய தட்டைக் காக்கும் வாயிற்காவலன் அன்று. அடுத்த விளைச்சலைத் திருத்தும் ஆசான். அறிக்கை கோப்பில் உறங்காமல் வயலுக்குத் திரும்பிச் சென்றால் மட்டுமே அதற்குப் பயன் உண்டு.

நம் பங்கு

ஓடும் நீரில் கழுவுதலும் தோலை நீக்குதலும் மேற்பரப்பிலுள்ள எச்சத்தைக் குறைக்கும். செடியின் சாற்றோடு கலந்து ஊடுருவும் மருந்துகளை அவற்றால் முழுமையாக நீக்க இயலாது. எனவே, தூய்மையின் பெரும்பகுதி வயலிலேயே முடிவாகிறது. மருந்துப் புட்டியின்மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நிறங்களுள் ஒன்று முக்கோண வடிவில் அச்சிடப்பட்டிருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சையும், பச்சை குறைந்த நச்சுத்தன்மையையும் குறிக்கும். உடன் தரப்படும் துண்டறிக்கையில் தெளிக்கும் அளவும் காத்திருப்பு நாள்களும் இடம்பெறும். அச்சிறு எழுத்துகளைத் தம் பெற்றோர்க்கு வாசித்துக் காட்டும் மாணவர், உண்பவரை மட்டுமன்றி, நஞ்சின் அருகில் முதலில் நிற்கும் தெளிப்பவரையும் காக்கிறார். பத்துக் கோடியில் ஒரு பங்கைத் தேடும் அறிவியல் அங்கிருந்தே தொடங்குகிறது.