புதுக்கிய உழவு இயந்திரத்தில் தீப்பொறி நேரத்தைச் சரிசெய்தல்

1946 முதல் 1956 வரை உற்பத்தியான பேர்குசன் டீ.ஈ. 20 உழவு இயந்திரங்களுட் பெற்றோலில் இயங்குபவை தீப்பொறியினால் எரிபொருளைக் கொளுத்துவன. பிரித்துப் புதுக்கிய இயந்திரம் இயங்க மறுத்து, கார்புரேற்றர் வழியே வெடியோசை எழுப்புமாயின், புதிய உறுப்புகளுக்கு மேலும் பணஞ் செலவிடுமுன் தீப்பொறி நேரத்தைச் சோதித்தல் வேண்டும்.

பிஸ்டன் இருமுறை உச்சிக்கு வரும்: ஒருமுறை வாயுவை அமுக்கி, மறுமுறை புகையை வெளியேற்றி. தீப்பொறி வேண்டப்படுவது முன்னதிலேயே. பின்னதைக் கொண்டு டிஸ்ரிபியூட்டரைப் பொருத்துவதே பெரும்பாலும் நேரும் தவறு.

சோதிக்கும் முறை வருமாறு:

1. கியரை நடுநிலையில் வைத்துச் சுவிச்சை நிறுத்துக. முன்புறத்து முதற் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றித் துவாரத்தை விரலால் மூடுக. மற்றொருவர் கைப்பிடியால் இயந்திரத்தை மெல்லச் சுழற்றுக. காற்று விரலைத் தள்ளினால் அதுவே அமுக்கம்.

2. பிஸ்டன் உச்சியை அணுகுகையில் நிறுத்துக. அப்பொழுது றோட்டர் முதற் பிளக்கின் கம்பியை நோக்கிநிற்க, பொயின்ற் திறக்கத் தொடங்குதல் வேண்டும். றோட்டர் எதிர்ப்புறம் நோக்கின், ஓட்டுத்தண்டு அரைச்சுற்று மாறியுள்ளது. கழற்றிச் சரியாகப் பொருத்துக.

3. றோட்டர் சுழலுந் திசையிற் கம்பிகளை 1, 3, 4, 2 என்னும் ஒழுங்கில் இணைக்குக.

இயங்கியபின், சுமையில் உலோகத் தட்டொலி கேட்பின் தீப்பொறி முந்துகின்றது. வலுக் குறைந்து இயந்திரம் மிகச் சூடேறின் பிந்துகின்றது எனக் கருதலாம். டிஸ்ரிபியூட்டரைச் சிறிது சிறிதாகத் திருப்பித் திருத்துக. தட்டொலியுடன் உழுதல் புதிய பிஸ்டனையும் கெடுக்கும்.

எச்சரிக்கை: முந்திய தீப்பொறி கைப்பிடியைப் பின்னோக்கி உதைக்கும். பெருவிரலை மற்றை விரல்களுடன் ஒரே பக்கத்தில் வைத்தே கைப்பிடியைப் பிடித்தல் வேண்டும்.