ஜேம்சன் அவெனியூவில் எத்தனை கிராம் உப்பு?

பிள்ளைகளோடு விஞ்ஞானம் – தொடர் 6

விஞ்ஞானக் கண்காட்சிக்குத் தலைப்புத் தேடி இணையத்தைத் துழாவ வேண்டாம், வீட்டு வாசலில் தேடுங்கள் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். "வாசலிலை என்ன கிடக்குது அன்ரி, பனியும் உப்பும்தான்" என்று ரொறன்ரோவின் பார்க்டேலிலிருந்து ஒரு தாய் தொலைபேசியில் அலுத்துக்கொண்டார். அவர் அலுப்பில் சொன்னதையே இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன். உப்பைவிட நல்ல தலைப்பு இந்த மாதத்தில் கிடைக்காது.

பார்க்டேலை அறிந்தவர்களுக்கு ஜேம்சன் அவெனியூவை விளக்கத் தேவையில்லை. குயின் வீதியிலிருந்து ஏரிப் பக்கம் இறங்கும் தெரு, இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்த எங்கள் ஆட்களில் பலர் முதன்முதலில் பெட்டியை இறக்கி வைத்த இடங்களில் அதுவும் ஒன்று. பிறகு பெரும்பாலானோர் ஸ்காபரோ பக்கம் போய்விட்டார்கள். இப்போது அங்கே திபெத்தியக் குடும்பங்கள் நிறைய. போகாமல் நின்றுகொண்ட தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. பனி பெய்யத் தொடங்கினால் நகரசபை லொறி தெருவில் உப்பை இறைத்துக்கொண்டு போகும். கட்டடக் காவலர் வாளியோடு வந்து படிக்கட்டில் அள்ளி எறிவார். அடுத்த நாள் வெயில் காட்டினால் எல்லாம் கரைந்து வடிகாலுக்குள் இறங்கிவிடும். 1950களின் நடுப்பகுதியில் கட்டத் தொடங்கிய கார்டினர் பெருந்தெரு, பார்க்டேல்காரரின் கால்களுக்கும் ஏரிக்கும் நடுவில் வந்து குந்திவிட்டது. தண்ணீரை அது மறிக்கவில்லை. சில வடிகால்கள் நேரே ஏரிக்குப் போகின்றன, சில கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகின்றன. அங்கே போனாலும் கரைந்த உப்பு நீங்குவதில்லை. கடைசியில் அதுவும் ஒன்ராறியோ ஏரியில்தான் சேரும்.

இந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் பிள்ளை தேடிப் படிக்க வேண்டும், ஏனென்றால் அது ஒரு நல்ல கதை. ஹூரன் ஏரிக் கரையில் கோடரிச் என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. 1866இல் அங்கே பெற்றோலிய எண்ணெய் தேடித் துளையிட்டவர்களுக்கு எண்ணெய் கிடைக்கவில்லை, உப்புப் படுகைதான் கிடைத்தது. இன்று ஏரியின் அடியில், நிலமட்டத்துக்கு 500 மீற்றருக்கும் கீழே, உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அங்கே இயங்குகிறது. கனடாவின் தெருக்களில் ஆண்டுக்குச் சராசரியாக 50 இலட்சம் தொன் உப்புப் போடப்படுவதாக மத்திய அரசு 2001இல் வெளியிட்ட மதிப்பீட்டில் கணக்கிட்டிருந்தது. தெரு உப்பு அதிக அளவில் சுற்றாடலுக்குள் போனால் தீங்கு என்று அரசு முடிவுசெய்ததும் அந்த மதிப்பீட்டில்தான். அதற்காக உப்பே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. படிக்கட்டில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்த முதியவர்கள் எங்கள் ஒவ்வொருவர் உறவிலும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற விடயம் என்பதால்தான் இதைப் பிள்ளையிடம் கொடுக்கிறேன்.

தலைப்புக் கிடைத்துவிட்டது, ஆனால் கேள்வி இன்னும் கிடைக்கவில்லை. அநேகமான செயற்றிட்டங்கள் இந்த இடத்தில்தான் தடம் புரள்கின்றன. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னிடம் கொண்டுவந்த முதல் வரி, "தெரு உப்பு சுற்றாடலைப் பாதிக்குமா?" என்பது. நான் அவளைக் கேட்டேன்:

"சுற்றாடல் எண்டா ஆர்?"

"மரம், மீன், நாய்... எல்லாம் அன்ரி."

"எல்லாத்தையும் உன்னாலை அளக்க ஏலுமே?"

"ஏலாது."

"எதை ஏலும்?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அம்மா பயறு முளைக்கப் போடுவதைச் சொன்னாள். அடுத்த கேள்வி, எவ்வளவு உப்பு? 'கனக்க' என்பது அளவாகாது. இப்படிக் கதைத்துக் கதைத்து, "ஒரு லீற்றர் தண்ணீரில் எத்தனை கிராம் உப்பு இருந்தால் பயறு முளைப்பது குறையும்?" என்ற இடத்துக்கு அவளே வந்து சேர்ந்தாள். இந்தக் கேள்வியை ஒரு சமையலறை மேசையில் வைத்து விடை காணலாம். கேள்வியை நான் எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் பரிசோதனை தடுமாறுகிற அன்று அதைக் கைவிட அவளுக்குத் தயக்கமும் இருந்திராது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஊரில் எங்கள் பள்ளிக்கூடங்களில் நடந்த விஞ்ஞானக் கண்காட்சி எங்கள் எல்லோருடைய மனதிலும் இருக்கிறது. எரிமலை கக்கும், நீர்வீழ்ச்சியில் குட்டி மின்குமிழ் எரியும், பிள்ளை பாடமாக்கி வைத்த விளக்கத்தை ஒப்பிக்கும். அது அழகான விடயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது தெரிந்த ஒன்றைச் செய்து காட்டுவது. இங்கே 1962இல் ஒட்டாவாவில் தொடங்கிய கனடா தழுவிய விஞ்ஞானக் கண்காட்சி கேட்பது தெரியாத ஒன்றைத் தேடுவது. 7ஆம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் பள்ளியில் தொடங்கி, பிராந்தியக் கண்காட்சி வழியாக அங்கே போகிறார்கள். இந்தியாவில் 1993இலிருந்து நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடும் இப்படித்தான். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஆண்டுதோறும் கிராமத்துப் பிள்ளைகளை, தங்கள் ஊர்க் குளத்தையும் வயலையும் ஆராய்ந்து தமிழிலேயே அறிக்கை எழுத வைக்கிறது. மாதிரியுருவின் பளபளப்புக்கு அங்கே புள்ளி இல்லை.

வாசலில் கிடக்கும் கேள்வி சின்னக் கேள்வி என்று நினைப்பவர்களுக்காக இரண்டு பேரைச் சொல்கிறேன். வாட்டர்லூவைச் சேர்ந்த டானியல் பேர்ட் வீட்டு அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் பிளாஸ்டிக் பைகள் தலையில் கொட்டின. இவற்றைத் தின்னும் பக்டீரியா மண்ணில் இருக்குமா என்று தேடினார். ஆறு வாரத்தில் பையின் எடையில் 43 வீதம் குறைந்ததாகக் காட்டி, 2008இல் கனடா தழுவிய கண்காட்சியில் முதலிடம் பெற்றார். திருவண்ணாமலையின் வினிஷா உமாசங்கர் தன் தெருவில் துணி தேய்ப்பவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்துச் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2020இல் சுவீடனின் சிறுவர் காலநிலைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அலுமாரி, தெருமுனை, அவ்வளவுதான் அவர்கள் போன தூரம்.

இனி மேசைக்கு வருவோம். முதலில் வாசிப்பு. குயின் வீதியில் இருக்கும் பார்க்டேல் நூலகத்தில் நூலகரிடம் தெரு உப்பைப் பற்றிக் கேட்டால் வேண்டியதை எடுத்துத் தருவார். நன்னீர் உயிர்களுக்குக் கனடா வைத்திருக்கும் வழிகாட்டு அளவு இரண்டு: நீண்ட காலம் தாங்கக்கூடியது லீற்றருக்கு 120 மில்லிகிராம் குளோரைட்டு, குறுகிய காலத்துக்கு 640. எண்ணைச் சும்மா எழுதிவிட்டுப் போகக் கூடாது, அதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். சமையல் உப்பின் எடையில் சுமார் 60 வீதம் குளோரைட்டு. ஆக, ஒரு லீற்றரில் 1 கிராம் உப்பு என்றால் ஏறக்குறைய 600 மில்லிகிராம். மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பை ஐந்து லீற்றர் தண்ணீரில் கரைத்தால் 640ஐத் தாண்டிவிடும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று அந்தப் பிள்ளை தேக்கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நான்கு கரைசல்: உப்பில்லாதது, லீற்றருக்கு 1 கிராம், 3 கிராம், 10 கிராம். உப்பில்லாத தட்டு எதற்கு என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். பயறே பழசாக இருந்து முளைக்காவிட்டால், பழியை உப்பின் மேல் போட்டுவிடுவோம் என்று சொன்னால் விளங்கிவிடும். சமையலறைத் தராசு 1 கிராமைச் சரியாகக் காட்டாது, அதனால் 10 கிராம் கரைசலை முதலில் செய்து அதில் 100 மில்லிலீற்றரை எடுத்து ஒரு லீற்றராக்கினால் 1 கிராம் கரைசல் வரும். 300 எடுத்தால் 3 கிராம். ஒவ்வொரு கரைசலுக்கும் மூன்று தட்டு, தட்டுக்கு 20 பயறு. ஒரே தட்டை வைத்து முடிவு சொல்லக் கூடாது, அது குளிர் யன்னலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கலாம். தட்டுகளை மூடி வைக்க வேண்டும். திறந்து வைத்தால் ஹீற்றர் சூட்டில் தண்ணீர் ஆவியாகும், உப்பு மிஞ்சும், 3 கிராம் கரைசல் இரண்டு நாளில் 3 கிராமாக இருக்காது. இன்னொன்று: 'முளைத்தது' என்றால் என்ன என்பதை எண்ணத் தொடங்குவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். வேர் 2 மில்லிமீற்றர் வெளியே வந்தால் முளைத்தது என்று அவள் தீர்மானித்தாள். பிறகு தீர்மானித்தால் மனம் விரும்பிய பக்கம் கண் எண்ணும்.

தெருவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜேம்சன் நடைபாதை ஓரத்துச் சேற்றுப் பனி, கோவன் அவெனியூவில் மசாரிக் பூங்காவின் நடுவிலிருந்து கொஞ்சம், புதிதாக விழுந்த பனி கொஞ்சம். மூன்றையும் கழுவிய போத்தல்களில் எடுத்து உருகவிட்டு ரி.டி.எஸ். மானியால் அளக்கலாம். தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டும், பேனை போன்ற மலிவான கருவி அது. பனி எடுக்கும்போது பெரியவர் ஒருவர் கூட நிற்க வேண்டும், கையுறை வேண்டும், தெருவுக்குள் இறங்கவே கூடாது. அந்தக் கருவி உண்மையில் அளப்பது தண்ணீரில் மின்சாரம் கடக்கும் அளவை. உப்பை மட்டும் அது பிரித்து அறியாது. குழாய்த் தண்ணீரில் வைத்தாலும் பூச்சியம் காட்டாது, ஏனென்றால் அதிலும் கல்சியமும் மற்றக் கனியங்களும் கரைந்திருக்கின்றன. அதனால் தன் நான்கு கரைசல்களையும் முதலில் அதே மானியால் அளந்து, ஒப்பிட ஓர் அட்டவணை செய்துகொள்ள வேண்டும். கருவி காட்டுகிற எண்ணை நம்புவதற்கு முன் அது என்ன சொல்கிறது என்று கேட்கப் பழகுவது, என் பார்வையில், முழுச் செயற்றிட்டத்திலும் பெறுமதி கூடிய பாடம்.

அவளுடைய கருதுகோள், 1 கிராமிலேயே பயறு முளைப்பது குறையும் என்பது. 640 என்ற எண் அவள் மனதில் நின்றுவிட்டது. ஆனால் 1 கிராம் தட்டும் வெறும் தண்ணீர்த் தட்டும் ஒரே மாதிரி முளைத்தன. 10 கிராமில்தான் முளை பிந்தியது, வேர் கட்டையாக நின்றது. "பிழைச்சுப் போச்சு அன்ரி" என்று முகம் வாடி வந்து நின்றாள். பக்கத்தில் இருந்த தகப்பன், "எண்ணைக் கொஞ்சம் மாத்தி எழுதினா என்ன?" என்று மெதுவாகக் கேட்டார். பிள்ளை மேல் வைத்த அன்பில் கேட்டார் என்பது தெரியும். ஆனாலும் அந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை, நீங்களும் விட்டுக்கொடுக்காதீர்கள். எண்ணை மாற்றுவது, பிள்ளை அதுவரை செய்த எல்லா வேலையையும் குப்பையில் போடுவது.

வழிகாட்டு அளவை யாருக்காக வைத்தார்கள் என்று திரும்பப் போய் வாசிக்கச் சொன்னேன். மீன், நீர்த்தெள்ளு, நன்னீர்ச் சிப்பி: தண்ணீருக்குள்ளேயே சுவாசித்து வாழ்கிற உயிர்களுக்கு அது. சிப்பியின் இளம் பருவம் உப்புக்கு மிகவும் நொய்ந்தது. பயறு அப்படியல்ல. பயறுக்கு ஒன்றும் செய்யாத தண்ணீர் ஏரியில் இன்னொரு உயிரைக் கொல்லக்கூடும். கருதுகோள் சரிவந்திருந்தால் இந்த இடத்துக்கு அவள் வந்தே இருக்க மாட்டாள். பதிவுப் புத்தகத்தில் அன்றைய திகதி போட்டு, வெட்டாமல், அழிக்காமல், தான் நினைத்ததையும் நடந்ததையும் இரண்டு பத்தியாக எழுதினாள். நடுவர்கள் புரட்டிப் பார்ப்பது அந்தப் புத்தகத்தைத்தான். அநேகமாகக் கேட்பார்கள்: ஏன் பயறு? ஏன் 20? திரும்பச் செய்தால் எதை மாற்றுவாய்? இவற்றுக்கு அம்மாவோ அப்பாவோ வெட்டி ஒட்டிய பலகையால் பதில் சொல்ல முடியாது. தலைப்பு எழுத்து கோணலாக இருக்கட்டும். கத்தரிக்கோலைப் பெற்றோர் பிடிக்கலாம், பேனையைப் பிடிக்க வேண்டாம்.

வேலை தொடங்குவதற்கு முன் ஆசிரியரிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். அயலவரிடம் கேள்விக்கொத்துக் கொடுப்பதென்றால் அவர்களின் ஒப்புதல் தேவை. மீனையோ வேறு பிராணியையோ உப்புத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிற எண்ணம் வேண்டவே வேண்டாம், கண்காட்சி விதிகளும் அதை விடாது. பனி மாதிரி எடுக்கிறவர்கள் தள்ளிப்போட வேண்டாம். பெரிய உருகல் ஒன்று வந்தால் நடைபாதை ஓரத்து உப்பெல்லாம் ஒரே நாளில் கழுவுப்பட்டுப் போய்விடும். அந்த உருகலுக்கு முன்பும் பின்பும் எடுத்த இரண்டு போத்தல்கள் கையில் இருந்தால் நல்லது. அடுத்த வாரம் அந்த இரண்டு போத்தல்களின் எண்களை வைத்து வரைபடம் கீறுவோம்.