போட்டோவில் சிரிப்பைத் திருத்தலாமா?



குழுவாக நின்று போட்டோ எடுக்கும்போது கவனித்திருப்பீங்க. "சிரிங்கம்மா" என்றதும் பலர் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வோம். சிலர் முந்தானையால் வாயை மறைப்போம். பல்லில் கறை, சந்து, எத்துப்பல் என்று ஆளுக்கொரு கூச்சம். மகளுக்கு வரன் பார்க்கும்போது மட்டும் ஸ்டூடியோவில் "தம்பி, பல்லைக் கொஞ்சம் சரி பண்ணிக் குடுப்பா" என்று கேட்கிறோம். அங்கே கம்ப்யூட்டரில் என்ன செய்கிறார்கள், அது எங்கே சரி, எங்கே கூடாது என்று பார்ப்போம்.

எப்படித் திருத்துகிறார்கள்?

அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவிலேயே பென்சிலால் தீட்டி முகத்துச் சுருக்கத்தை மறைப்பார்கள். இப்போது அந்த வேலையை 1990-ல் வந்த போட்டோஷாப் போன்ற மென்பொருள்கள் செய்கின்றன.

1. பல் கறை: பல் இருக்கும் இடத்தை மட்டும் தேர்வு செய்து, மஞ்சள் நிறத்தைக் குறைத்து, வெளிச்சத்தைக் கூட்டுவார்கள். புள்ளி இருந்தால், கறை இல்லாத பல்லின் நிறத்தை எடுத்து அதன்மேல் ஒட்டுவார்கள்.

2. உதடு: ஈர மாவை விரலால் இழுப்பதுபோல, உதட்டின் இரண்டு ஓரத்தையும் மேலே இழுத்துவிடலாம். 2016-ல் வந்த போட்டோஷாப்பில் கண், மூக்கு, வாய் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கும். சிரிப்பைக் கூட்டவும் குறைக்கவும் தனியாக ஒரு கோடு இருக்கும். அதை நகர்த்தினால் போதும்.

3. செல்போன் ஆப்: மூடிய வாயைக்கூட பல் தெரியச் சிரிக்க வைக்கும். அதில் தெரிவது நம்ம பல் இல்லை, மெஷின் வரைந்த பல்.

சில படத்தில் சிரிப்பு ஒட்டவைத்த மாதிரி இருக்கும். ஏன்? மனசார சிரித்தால் கன்னம் ஏறும், கண்ணோரம் சுருங்கும். துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-லேயே இதை எழுதி வைத்தார். வாயை மட்டும் இழுத்தால் கண் பழையபடியே இருக்கும். இறந்துபோன அம்மாவின் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, சிரிப்பு வைத்து மாட்டும்போது, "இது அம்மா மாதிரியே இல்லையே" என்று பிள்ளைகள் சொல்வது இதனால்தான்.

எங்கே கூடாது?

பாஸ்போர்ட், விசாவுக்குக் கொடுக்கும் படத்தில் திருத்தவே கூடாது. வாய் மூடி, முகம் இயல்பாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. முகத்தின் அளவை மெஷின் ஒப்பிட்டுப் பார்க்கும். உதட்டை இழுத்த படம் திருப்பி அனுப்பப்படலாம். வங்கி, கடன் விண்ணப்பங்களுக்கும் உள்ளது உள்ளபடியே படம் கொடுங்க.

வரன் பார்க்கும் படத்தில் வெளிச்சம் சரி செய்யலாம், முகப்பருவை எடுக்கலாம். பல் வரிசையையும் வாயின் வடிவத்தையும் மாற்றினால்? பெண் பார்க்க வந்தவர்கள் படத்தையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அப்போது தலைகுனிவது ஸ்டூடியோ தம்பி இல்லை, நம்ம பிள்ளைதான். கல்யாணத்துக்குப் பிறகும் "ஏமாத்திட்டாங்க" என்ற பேச்சு அவள் மேல்தான் விழும். "உன் சிரிப்பு காட்டக்கூடியது இல்லை" என்று நாமே அவளிடம் சொல்வதும் ஆகிறது.

கறை எங்கிருந்து வருகிறது?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல பெண் பிள்ளைகளின் பல்லில் இருக்கும் பழுப்புக் கோடு சரியாகப் பல் தேய்க்காததால் வந்தது இல்லை. அது போர் தண்ணீரில் உள்ள புளோரைடு. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழி இல்லாவிட்டால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர அளவு. அதிகம் உள்ள தண்ணீரை, நிலைப்பல் உருவாகும் வயதில், அதாவது சுமார் 8 வயது வரை குடித்தால் பல்லில் கறை விழும். பெரியவர்கள் பல வருஷம் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கும். காய்ச்சினால் புளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். இதற்காகத்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. கம்ப்யூட்டரில் மூத்தவளின் கறையை அழிக்கலாம். கைக்குழந்தைக்கு அதே கறை வராமல் தடுக்க நல்ல தண்ணீர்தான் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது:

* எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது என்று ஸ்டூடியோவில் முதலிலேயே சொல்லுங்க.
* திருத்தாத படத்தையும் கேட்டு வாங்கி வையுங்க.
* மகளின் படத்தை மாற்றும் முன் மகளிடம் கேளுங்க.
* பல்லில் கறை இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்க. கறையை மங்கச் செய்யவும் மேல்பூச்சு வைக்கவும் சிகிச்சை உண்டு.
* குழந்தைகளுக்கு ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்கக் கொடுங்க. உங்க தெருவுக்கு அது வரவில்லை என்றால் குழுவாகச் சேர்ந்து கிராமசபையில் மனு கொடுங்க.

இந்தப் பக்கத்தை அடுத்த குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசித்துக் காட்டுங்க. உங்க ஊரில் எத்தனை வீட்டுக்குக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிறது, எத்தனை வீட்டில் இன்னும் போர் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கணக்கெடுத்துத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்க. மனு கொடுக்கும்போது அந்தக் கணக்கு உதவும்.